ஒரு பெயர், பல எழுத்து



பொன்னேரியிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் பழவேற்காடு ஏரியை அடையலாம். கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் காயல் அது. அங்குள்ள சில மீனவக் கிராமங்களில் 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் யார், என்றைக்கு வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதே பாடு. பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான் முறை வரும்.

அப்பட்டியலில் மூன்று முருகன்கள் இருந்தாலும் ஊராருக்குக் குழப்பம் இல்லை. "வடக்குத் தெரு முருகன்", "பெரிய முருகன்" என்று சொன்னால் போதும். பட்டியலில் எழுதாத செய்தியெல்லாம் ஊராரின் நினைவில் இருக்கிறது அல்லவா?

இப்போது அந்தப் பட்டியல் ஊரைவிட்டு வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுறவுச் சங்கம், அரசு அலுவலகம், வங்கி எனப் பல இடங்களில் உள்ள கணிப்பொறிகள் கம்பியாலும் வானொலி அலையாலும் இணைக்கப்பட்டுள்ளன. அவை எல்லாம் தேடிப் பார்க்கும் பொதுப் பெயர்ப் பட்டியலை டைரக்டரி என்கிறோம். டெலிபோன் டைரக்டரியின் பெரிய தம்பி இது. ஆனால் இந்தத் தம்பிக்கு ஊராரின் நினைவு கிடையாது. எழுதியதை மட்டுமே அறியும்.

இயந்திரம் பார்க்கும் முருகன்

ஒருவர் தம் பெயரைச் சங்கத்தில் "செ. முருகன்" என்றும், வங்கியில் "முருகன் செ" என்றும், வேறொரு படிவத்தில் "முருகன் செல்வம்" என்றும் எழுதியிருக்கிறார். நமக்கு மூவரும் ஒருவரே. கணிப்பொறிக்கோ மூன்று பேர். அகரவரிசையில் முதல் பெயர் 'செ'யிலும் மற்றவை 'மு'விலும் போய் உட்காரும். ஒரு புள்ளியும் ஓர் இடைவெளியும்கூட அதற்குத் தனித்தனி எழுத்துகளே.

இதனால் என்ன நட்டம்? தமிழகக் கடற்கரையில் வங்கக் கடல் பக்கம் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. மீன்கள் இனம் பெருகும் காலம் அது. அந்நாட்களுக்கான அரசின் நிவாரணத் தொகை மீனவர் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே செல்கிறது. ஒரு பட்டியலில் உள்ள பெயர் மற்றொன்றோடு பொருந்தாவிட்டால், உலை வைக்க வேண்டிய பணம் வழியில் நின்றுவிடக்கூடும். யாரும் தவறு செய்யவில்லை. விதி இல்லாததுதான் குறை.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு

பழவேற்காட்டை ஒட்டிய ஊர்களுள் ஒன்று கோட்டைக்குப்பம். புதுச்சேரிக்கு அருகில் கோட்டக்குப்பம் என்று ஓர் ஊர் உண்டு. ஓர் 'ஐ'காரம் நழுவினால் ஆள் 150 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விடுவார்!

இன்னொரு விந்தையும் கேளுங்கள். கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் ஏற்பாடு யூனிகோடு. அதில் 'கோ' என்பதை இரு விதமாக எழுத முடியும். 'க'வுக்கு ஓர் எண், ஓகாரக் குறி முழுவதற்கும் ஓர் எண் என்பது ஒரு முறை. 'க', இரட்டைக் கொம்பு, கால் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண் என்பது மற்றொரு முறை. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. ஆனால் எண்களை அப்படியே ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு! எனவேதான் தேடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் விதியையும் யூனிகோடு வகுத்திருக்கிறது.

எண் ஏன் தேவை?

நம் தபால் துறை இச்சிக்கலை முன்பே சந்தித்தது. ஒரே பெயரில் பல ஊர்கள். ஒரே ஊருக்குப் பல மொழிகளில் பல எழுத்துக்கூட்டல். ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் உருவாக்கிய ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. பொன்னேரிக்கு 601204, பழவேற்காட்டுக்கு 601205. கடிதத்தில் 'புலிக்காட்' என்று எழுதினாலும் 'பழவேற்காடு' என்று எழுதினாலும் எண் சரியாக இருந்தால் தபால் வந்து சேரும்.

பெயரை மாற்றுவது எளிதன்று. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. மாவட்டங்களும் மாறுகின்றன. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது பழவேற்காடு தன் இடத்தைவிட்டு நகரவில்லை. அதன் மாவட்டப் பெயர்தான் மாறியது. ஆகவே ஆளை அடையாளம் காட்டும் எண்ணுக்குள் மாவட்டத்தையோ தெருவையோ திணிக்கக் கூடாது. மாறும் செய்திகளுக்குத் தனிக் கட்டம் வேண்டும்.

ஐந்து விதிகள்

1. ஒரு கட்டத்தில் ஒரே செய்தி. முன்னெழுத்து, பெயர், தந்தை பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள்.

2. ஊர்ப்பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதாமல், முன்பே முடிவு செய்த பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கில் உள்ள பிற பெயர்களை மறுபெயர்க் கட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

3. தேதிக்கு ஒரே வரிசை. 5-6-2010 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? 2010-06-05 என ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுவது 1988-இல் வெளியான உலகத் தர விதி. இவ்வாறு எழுதினால் தேதிகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

4. தெரியாததை வெற்றிடமாக விடுங்கள். '0' என்றோ '01-01' என்றோ இட்டு நிரப்பினால் பின்னால் வருபவர் அதை உண்மை என்று நம்பிவிடுவார்.

5. ஆளுக்கு ஓர் எண். அது மாறாது, மற்றவருக்கும் தரப்படாது.

செய்து பாருங்கள்

வகுப்பில் பத்துப் பேரிடம் ஒரு தாளைக் கொடுத்துப் பெயர், ஊர், பிறந்த நாள் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். விதி எதுவும் சொல்லாதீர்கள். ஒரே ஊரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு விதிகளைக் கரும்பலகையில் எழுதி மீண்டும் எழுதச் செய்யுங்கள். இரு பட்டியல்களிலும் ஒருவரைத் தேட எவ்வளவு நேரம் ஆகிறது?

ஒன்றை மறவாதீர்கள். விதி வகுக்கும்முன், பெயருக்கு உரியவரிடம் "உங்கள் பெயரை எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்க வேண்டும். இயந்திரத்துக்கு எண் போதும். மனிதருக்கு அவர் பெயர் சரியாக இருக்க வேண்டும்.