கடற் காற்றாலையும் வௌவாலின் குரலும்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகளை நம்மவர் நன்கறிவர். மன்னார் வளைகுடாவிலும் காற்றாலை நிறுவத் தக்க கடற்பரப்புகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆதலின், வட கடலில் இத்துறையில் முந்திய நெதர்லாந்து நாட்டின் அனுபவம் நமக்குப் பாடமாகும்.

நிலத்தில் காற்றாலையின் இறக்கையில் அடிபட்டு வீழும் பறவையையும் வௌவாலையும் அதன் அடியில் தேடி எண்ணிவிடலாம். கடலிலோ அலை கொண்டுபோய்விடும், சான்று எஞ்சாது. எனவே, அவை உயிருடன் வரும்போதே வரவை அறிதல் வேண்டும். அதற்கு ஒரு வழி, குரலைக் கேட்பதாகும்.

வௌவால் ஒலியெழுப்பி, அதன் எதிரொலியால் வழியும் இரையும் அறிகிறது. மனிதச் செவிக்கு எட்டாத அவ்வொலியை 1938-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டொனால்டு கிரிஃபின், பியர்ஸ் என்பவரின் கருவியால் கண்டறிந்தார். நம் செவியின் எல்லை ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ். வட கடலைக் கடந்து வலசை போகும் நத்தூசியஸ் என்னும் சிறு வௌவாலின் குரலோ 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. காற்றாலையில் பொருத்திய ஒலிவாங்கி இரவெல்லாம் இதனைத் தானே பதிவு செய்யும்.

எனினும் இம்முறைக்கு எல்லைகள் உண்டு. அவ்வளவு உயர்ந்த ஒலி காற்றில் விரைவில் தேய்ந்துவிடும். அடித்தளத்தில் வைத்த ஒலிவாங்கி, நூறு மீட்டர் உயரத்தில் பறப்பதைக் கேளாது. குரல் கொடாமல் பறக்கும் பறவைகளும் உள. அவற்றிற்கு ராடாரும் காமிராவும் தேவை. பத்துப் பதிவுகள் ஒரே வௌவாலுடையனவாகவும் இருக்கலாம். ஆகவே, பதிவில் ஒன்றுமில்லை என்பதால் உயிரினமே இல்லை என முடிவு கட்டலாகாது.

கேட்டதனால் விளைந்த பயன் யாது? வௌவால்கள் பெரும்பாலும் காற்று மெல்ல வீசும் இரவுகளிலேயே கடலைக் கடக்கின்றன எனத் தெரிந்தது. அப்பொழுது மின்னுற்பத்தியும் குறைவே. ஆதலின், வலசைக் காலத்தில் அத்தகைய இரவுகளில் விசிறிகளை அடக்கிவைக்க நெதர்லாந்தில் விதி செய்தனர். பறவைகளுக்காகவும், அவற்றின் பெருந்திரளான வரவை முன்கணித்து, 2023 மே 13 இரவு போர்செல், எக்மண்ட் கடற் காற்றாலைகளை நான்கு மணி நேரம் ஏறக்குறைய நிறுத்திவைத்தனர்.

தனுஷ்கோடிக் கரைக்கு ஆண்டுதோறும் பூநாரைகள் வருகின்றன. பூச்சி தின்னும் வௌவால்கள் உழவர்க்குக் கூலி கேளாத துணைவர். கடலோரப் பஞ்சாயத்துகளில் இத்திட்டம் பற்றிய பேச்சு எழும்போது உறுப்பினர்கள் மூன்று கேள்விகள் கேட்டல் நலம்: காற்றாலை நடுவதற்கு முன் எல்லாப் பருவங்களிலும் ஒலிப்பதிவு செய்தார்களா? இறக்கை சுழலும் உயரத்திலும் செய்தார்களா? பதிவு காட்டும் இரவுகளில் ஆலையை நிறுத்த விதி உண்டா? மூன்றாவது கேள்விக்கு விடையில்லையேல் முதலிரண்டினால் பயனில்லை.