வாங்குபவர் ஒருவரே என்றால்

அன்புள்ள தம்பிக்கு,

லோடு டெஸ்பாட்ச் சென்டரில் சேர்ந்த கையோடு நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய்: மின்சாரத்தில் ஒரு நாடு தன் காலில்தானே நிற்க வேண்டும், பக்கத்து நாட்டை நம்பலாமா?

நேபாளத்தைப் பார். அங்கே பெரும்பாலான நீர்மின் நிலையங்களுக்குத் தேக்கம் கிடையாது. ஆறு கொடுப்பதுதான் கணக்கு. மழைக்காலத்தில் மின்சாரம் மிஞ்சும். மார்கழி, தையில் ஆறு மெலிந்துவிடும். ஊரெல்லாம் ஹீட்டர் போடும் நேரமும் அதுதான். 2009-இல் ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அது விலகியதற்கு அவர்களுடைய மின்வாரியத்தின் நேர்மையான பங்கீடு ஒரு காரணம். 2016-இல் இயங்கத் தொடங்கிய தல்கேபர்–முசாஃபர்பூர் பாதையில் இந்தியாவிலிருந்து வந்த மின்சாரம் இன்னொரு காரணம். இன்று மழைக்காலத்தில் அதே கம்பியில் மின்சாரம் தெற்கே வருகிறது.

இதில் எனக்கு இழுக்கு எதுவும் தெரியவில்லை. தனியாகச் சமாளிப்பதென்றால் சில மாதக் குளிருக்காக ஓர் அனல்மின் நிலையத்தைக் கட்டி, மீதி நாளெல்லாம் சும்மா வைத்திருக்க வேண்டும். அதற்கான நிலக்கரியும் எல்லை தாண்டித்தான் வரும்! நம் தென்னக மின்தொகுப்பே 2013 டிசம்பர் 31-இல், ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வந்த பிறகுதான், நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு ஒரே அதிர்வெண்ணில் ஓடத் தொடங்கியது.

ஆனாலும் உன் சந்தேகத்தை விட்டுவிடாதே. 2015-இல் இந்திய–நேபாள எல்லையில் எண்ணெய் லாரிகள் மாதக்கணக்கில் நின்றபோது காத்மாண்டில் விறகு வைத்துச் சமைத்தார்கள். சீன முதலீடு உள்ள நேபாள நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. வாங்குபவர் ஒருவரே என்றால் நிபந்தனையும் அவருடையதுதான்.

அதனால்தான் 2024 அக்டோபரில் நேபாளம், இந்தியா, வங்கதேசம் மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நீ வரி விடாமல் படிக்க வேண்டும். இந்தியா வழியாக நேபாளம் வங்கதேசத்துக்கு விற்பது வெறும் 40 மெகாவாட், அதுவும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை மட்டும். வங்கதேசத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் நேபாளத்துக்கு இரண்டாவது வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார். கம்பிக்காக யாரும் காத்திருக்கவில்லை. இந்தியாவையும் வங்கதேசத்தையும் இணைக்கும் பஹரம்பூர்–பேராமாரா பாதை 2013-லேயே இயங்க ஆரம்பித்துவிட்டது. இழுபறியெல்லாம் காகிதத்தில்தான்: நடுவில் இருக்கும் நாடு வழிவிடுமா, கடத்தும் கட்டணம் எவ்வளவு, மீட்டர் எந்த ஊரில், அதுவரையிலான இழப்பு யார் தலையில். கல்லூரியில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். குளிர்காலத்தில் வங்கதேசத்தின் தேவை இறங்கிவிடும், நேபாளம் தவிக்கும். அப்போது மின்சாரம் திரும்பி வர இந்த ஒப்பந்தத்தில் வழியில்லை. என் கண்ணில் அதுதான் பெரிய குறை.

மதுரை–அனுராதபுரம் இணைப்பு பல காலமாகப் பேச்சளவில் நிற்கிறது. அந்தக் கோப்பு என்றாவது உன் மேசைக்கு வந்தால், கடலடிக் கேபிளின் விலையைப் பிறகு பார்த்துக்கொள். இலங்கைக்கு அந்தக் கம்பியின் மறுமுனையில் ஒரே ஒரு நாடுதான் இருக்கும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுது.

அன்புடன்,
அண்ணன்