பல் கட்டுமுன் கேட்க வேண்டியது

பிடுங்கிய பல்லுக்குப் பதில் இம்ப்ளான்ட் வைப்பது கூடுமா என்று நம் மஹல்லாவில் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். தாடை எலும்பில் பதிக்கும் திருகு பெரும்பாலும் டைட்டானியம். எலும்பு அதனோடு ஒட்டி வளரும். ஸ்வீடனின் பிரானமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு இதைப் பொருத்தினார். ஒட்டிப் பிடிக்க 3 முதல் 6 மாதம் ஆகலாம். அதன்பிறகே வழக்கமாக மேலே கேப். உலோகத்தில் நமக்குத் தயக்கம் இல்லை.

தயக்கம் எலும்புத் தூளில்தான். பல் போனபின் அந்த இடத்து எலும்பு கரையும்; நாள் தள்ளினால் இன்னும் குறையும். அப்போது எலும்புத் தூள் நிரப்பி, கொலாஜன் சவ்வால் மூடுவார்கள். தூள் மாட்டெலும்பாகவோ பன்றி எலும்பாகவோ இருக்கலாம். சவ்விலும் பன்றியிலிருந்து எடுத்தவை உண்டு. நாம் கேட்காவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. கேட்டால் மருத்துவர் கோபிக்கவும் மாட்டார்!

மாற்று இருக்கிறது: நம் தாடையிலிருந்தே எடுக்கும் எலும்பு, அல்லது கால்சியம் பாஸ்பேட்டில் செய்த செயற்கைத் தூள். எல்லா வாய்க்கும் எல்லாம் பொருந்தாது. ஆகவே முதல் நாளே தூள், சவ்வு இரண்டின் பெயரையும் மூலத்தையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். மருத்துவர் வேறு வழியில்லை என்றால், அந்தச் சீட்டோடு ஆலிமிடம் செல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி வாங்குங்கள்.