அனல்மின் நிலையத்தில் வீணாகும் வெப்பம்

அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்துப் பெறும் வெப்பத்தில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி குளிர்நீரோடு ஆற்றிலோ கடலிலோ காற்றிலோ கலந்து போகின்றது. இதனைக் கேட்ட மாணவர் பலர், யந்திரம் அமைத்தோரின் கவனக்குறைவே காரணமென எண்ணுவர். அஃது உண்மையன்று.

1 கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகை சென்டிகிரேட் வரை சூடாக்க 100 கலோரி போதும். கொதிக்கும் அந்நீரை ஆவியாக்கவோ இன்னும் 540 கலோரி வேண்டும்; ஆயினும் வெப்பமானி ஒரு பாகையேனும் ஏறுவதில்லை. இதனையே ஜோசப் பிளாக் என்னும் ஸ்காத்லாந்துப் பேராசிரியர் மறைவெப்பம் எனக் கண்டார். டர்பைனைச் சுழற்றி வெளிப்படும் ஆவி, கண்டென்ஸர் எனப்படும் குளிர்கலத்தில் மீண்டும் நீராகுங்கால் இம்மறைவெப்பத்தைக் குளிர்நீரிடம் ஒப்படைத்துவிடுகின்றது. ஆவியை நீராக்காது அப்படியே கொதிகலத்துக்குத் திருப்பலாகாதோ எனின், ஆகாது. அதனை அழுத்தி உட்செலுத்துதற்கே பெற்ற வேலை முழுதும் செலவாகிவிடும். வெப்பத்தின் ஒரு பகுதியைத் தாழ்ந்த சூட்டிற்கு விடாமல் யந்திரம் இடைவிடாது வேலை செய்தல் இயலாது என்பது, ஸாதி கார்னோ 1824-இல் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் முடிபு.

நிற்க. இவ்வெப்பம் அளவிற் பெரிது, தரத்திற் சிறிது. குளிர்கலத்து ஆவியின் சூடு சுமார் 40 பாகையே. குளிர்நாட்டு வீடுகளுக்கு அது போதாதாகலின், சூடு மிக்க நிலையிலேயே ஆவியை எடுத்தல் வேண்டும். மின்சாரம் சிறிது குறையும். இழப்பின்றி மீட்கலாம் என்பார் கூற்றை யான் நம்புவதில்லை.

லண்டனில் பாட்டர்ஸி மின்நிலையத்தின் வெப்பத்தைத் தேம்ஸ் நதிக்கு அடியிற் குழாய் வழியே எதிர்க்கரைப் பிம்லிகோவின் குடியிருப்புகளுக்கு 1950 முதற் கொண்டுசென்றனர். மின்சாரத் தேவையும் வெந்நீர்த் தேவையும் ஒரே வேளையில் எழுவதில்லை. ஆதலின், நூறு அடிக்கு மேல் உயர்ந்த, கண்ணாடி போர்த்த கோபுரமொன்றில் வெந்நீரைச் சேமித்தனர். 1983-இல் மின்நிலையம் மூடப்பட்டது. கோபுரம் நின்றது, வீடுகளுக்கோ வேறு கொதிகலங்கள் வேண்டியவாயின.

நம் நாட்டில் வீட்டைச் சூடாக்க வேண்டுவோர் அரியர். நன்னீர் வேண்டுவோரோ பலர். 2009-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார், நாளொன்றுக்கு ஒன்றரை இலட்சம் லிட்டர் நன்னீர் தரத்தக்க ஆலையொன்றை வடசென்னை அனல்மின் நிலையத்தில் நிறுவினர். குளிர்கலத்தினின்று வெளிவரும் கடல்நீர் சில பாகையே கூடுதற் சூடுடையது. எனினும் காற்றழுத்தம் மிகக் குறைந்த கலத்துட் புகின், அதில் ஒரு சிறு பகுதி தானே ஆவியாகும். அவ்வாவியைக் குளிர்ந்த கடல்நீரால் நீராக்கின் நன்னீர் கிடைக்கும். டர்பைனின் ஆவியைத் தொடவேண்டுவதில்லை. ஆனால் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். கடல்நீர் 5 பாகை குளிர்வதாகக் கொள்ளின், ஒரு லிட்டர் நன்னீருக்கு நூறு லிட்டருக்கு மேற்பட்ட கடல்நீரை இறைத்தாக வேண்டும்.