வெட்டுத்துணியில் மணி உருட்ட

அன்புள்ள கண்ணம்மா,

தையற்கடையில் வெட்டுத்துணிப் பை ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாய் என்று அப்பா சொன்னார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. அதில் மாலைக்கு மணி உருட்டுவதென்றால், கத்தரியை எடுப்பதற்கு முன் துணி எதுவென்று தெரிந்துகொள். பாதி வேலை அதில்தான்.

ஒரு துண்டை உள்ளங்கையில் இறுகக் கசக்கிவிட்டு விரி. கசங்கல் அப்படியே நின்றால் பெரும்பாலும் பருத்தி. நமக்கு வேண்டியது அதுதான். பாலியஸ்டர் சட்டென்று விரிந்துகொள்ளும். சுருட்டினாலும் அதே குணம்தான், எத்தனை பசை தடவினாலும் பிரியப் பார்க்கும்.

பிறகு துணியை இரண்டு வாட்டத்திலும் இழுத்துப் பார். குறைவாக நீளும் வாட்டம் பாவு. மணிக்கு வெட்டும் பட்டையின் நீளம் அந்தப் பக்கமாகவே போகட்டும். மூலைவாட்டில் வெட்டிய துணி இழுபட்டு, சுருட்டும்போது கோணிக்கொள்ளும்.

ஓரம் பிசிறாமல் இருக்க, ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து துணியின் பின்பக்கம் மெல்லிசாகப் பூசி, காய்ந்த பிறகு வெட்டு. மைதாப் பசையும் ஒட்டும்தான். ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், கரப்பான் அரிக்கும். அதைத் தடுக்கப் புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு. கழுத்தில் போடும் பொருளுக்கு வேண்டவே வேண்டாம்.

அடிப்பக்கம் 2.5 செ.மீ., நீளம் 20 செ.மீ. வைத்து, நுனி கூராக முடியும்படி முக்கோணமாக வெட்டு. அடிப்பக்க அகலம்தான் மணியின் நீளம். சுற்றுக்குச் சுற்று அகலம் குறைவதால் நடுவில் தடித்து, இரண்டு முனையும் ஒடுங்கி வரும். நேர்ப்பட்டையாக வெட்டினால் வெறும் குழல்தான் கிடைக்கும். துணி கனமானால் 12 செ.மீ. நீளமே போதும்.

ஒன்று கவனி: துணியில் பார்த்த பூ மணியில் வராது. வெளியே தெரிவது ஓரங்களும் கடைசி நுனியும் மட்டுமே. மதுரைச் சுங்குடித் துணியின் வெள்ளைப் புள்ளிகள் ஓரத்தில் அரையும் காலுமாக எட்டிப் பார்க்கும். எனக்கு அந்த மணிதான் மிகவும் பிடித்தது. பெரிய பூப்போட்ட துணியை இதற்காக வெட்டாதே, பாவம்.

சுருட்டுவதற்குத் தென்னை விளக்குமாற்று ஈர்க்கை விட நல்ல கருவி இல்லை. அடி தடிப்பு, நுனி மெல்லிசு என்பதால் மணியை நுனிப்பக்கமாக உருவினால் சிக்காமல் வந்துவிடும். முதல் சுற்றுக்குப் பசை தடவாதே, ஈர்க்கோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த சுற்றிலிருந்து பசை தொட்டு, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி இறுக்கமாக உருட்டு. துணியின் நுனி நட்டநடுவில் வந்து முடிய வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் பசை காய்வதற்குள் பிரித்து மறுபடி சுற்று.

ஈர்க்கோடு வாழைமட்டையில் குத்தி நிறுத்து. அரை மணி நேரம் கழித்து ஈர்க்கை ஒருமுறை திருகிவிட்டு, இரவு முழுக்கக் காயவிடு. காய்ந்ததும் நடுவில் ஜரிகை நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டால் நுனி கிளம்பாது. கோத்த மாலையைத் தண்ணீரில் நனைக்காதே; அழுக்கானால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

அன்புடன்,
அத்தை