ஷிப்டு நேரத்தில் நண்பருக்காக ஜெபிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஜெபம் பண்ணிக்கிறேன் பிரதர்." கிறிஸ்தவர்கள் யோசிக்காமல் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் மறந்துபோகும் வாக்கு இதுதான். ஓசூரில் மறப்பது இன்னும் சுலபம். ஏ ஷிப்டுக்காரரும் சி ஷிப்டுக்காரரும் ஒரே அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, வாரக்கணக்கில் முகம் பார்க்காமல் இருக்கும் ஊர் இது. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கமிருந்து ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்து சிப்காட்டுக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சபையில் எழுந்து நின்று ஜெபிக்கக் கூச்சப்படுபவர்கள் கட்டாயம் படிக்கலாம்.

படி 1: மூன்று பெயர் போதும்

போனில் இருக்கும் எல்லாரையும் பட்டியல் போட்டால் நான்காம் நாளே சலித்துவிடும். அறையில் கூட இருப்பவர் ஒருவர், லைனில் பக்கத்தில் நிற்பவர் ஒருவர், ஊரில் விட்டுவந்தவர் ஒருவர் என்று ஆரம்பியுங்கள். மூன்றாமவரை விட்டுவிடாதீர்கள். கொலோசெ ஊர்க்காரரான எப்பாப்பிரா, ஊரை விட்டுப் பவுலோடு இருந்த காலத்திலும் ஊராருக்காக ஜெபத்தில் போராடினார் என்று கொலோசெயர் நிருபம் நான்காம் அதிகாரம் சொல்கிறது. பிழைக்க வந்த இடத்திலிருந்து ஊரை நினைக்கிறவர்களுக்கு அவர் நல்ல துணை.

படி 2: என்ன வேண்டும் என்று கேளுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப்போகும் படி இது. நண்பருக்கு என்ன தேவை என்று நாமே முடிவுகட்டிவிட்டு, "ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று முடித்துக்கொள்கிறோம். பர்திமேயுவுக்குக் கண் தெரியாது என்பது எரிகோவுக்கே தெரியும். ஆனாலும் இயேசு அவனிடம், உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10).

டீக்கடையில் நின்று, "உனக்காக எதைக் குறிச்சு ஜெபிக்கட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதில் நீங்கள் நினைத்ததாக இருக்காது. அப்ரன்டிஸ் காலம் முடிந்ததும் கம்பெனி எடுத்துக்கொள்ளுமா என்ற பயம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவரோ லோன் ஆப்பில் வாங்கிய கடனைப் பற்றிச் சொல்வார். ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண் சம்பளத்தைப் பற்றிப் பேசவே மாட்டாள், அம்மாவைப் பார்க்க லீவு கிடைக்குமா என்பாள். இன்னொருவருக்கு நைட் ஷிப்டு முடிந்து பகலில் தூக்கம் வந்தாலே போதும். சிறிய விஷயம் என்று ஒதுக்காதீர்கள், அதையே ஜெபியுங்கள். கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனால் விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் அவராகவே சொல்லலாம்.

படி 3: நேரத்தைத் தேடாமல் இருப்பதைப் பிடியுங்கள்

அதிகாலை எழுந்து முழங்காலில் நிற்பது நல்ல வழக்கம்தான். ஆனால் வாரம் மாறினால் ஷிப்டு மாறும் ஊரில் அதை மட்டும் நம்பினால் நடக்காது. ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் இடையில் நெகேமியா ஜெபித்துவிட்டார். அவ்வளவு நேரம் எல்லாருக்கும் கிடைக்கும். கம்பெனி பஸ், கேன்டீன் வரிசை, அத்திப்பள்ளி பக்கம் நகராமல் நிற்கும் டிராஃபிக் எல்லாம் உங்களுக்கான நேரம். மிஷின் முன்னால் மட்டும் கண்ணை மூட வேண்டாம். பிரஸ் ஷாப்பில் கண் திறந்தபடி ஜெபிப்பதுதான் ஞானம்.

கத்தோலிக்கர்களுக்குக் கையிலேயே ஒரு முறை உண்டு. செபமாலையின் ஒவ்வொரு பத்து மணியையும் ஒருவருக்கு ஒப்புக்கொடுத்தால் ஐந்து பேர் ஆயிற்று. 1997இல் உருவான தருமபுரி மறைமாவட்டத்தில்தான் ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டமும் வருகிறது. எலத்தகிரி, மத்தகொண்டபள்ளி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

படி 4: நான்கு வாக்கியத்தில் முடியுங்கள்

பெயர், நன்றி, தேவை, என் பங்கு. இந்த நான்கு போதும். இப்படி: "ஆண்டவரே, என் ரூம்மேட்டை உம்மிடம் கொண்டுவருகிறேன். அவனோடு சோறு பங்கிட்டுச் சாப்பிட வைத்ததற்கு ஸ்தோத்திரம். வெள்ளிக்கிழமை அவனுக்குக் கான்ட்ராக்ட் முடிகிறது, வேலையைத் தாரும், பயத்தை எடுத்துப்போடும். நான் செய்ய வேண்டியது என்னவென்று எனக்குக் காட்டும். ஆமென்."

நாலாவது வாக்கியத்தைச் சொல்லத் துணிந்தவர்கள் ஆறாம் படிக்குத் தப்ப முடியாது.

படி 5: ஜெபக்குறிப்பு வம்பாக வேண்டாம்

"இன்னாருக்குக் குடும்பத்தில் பிரச்சினை, பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்தி பல நேரம் பக்தி வேஷம் போட்ட ஊர்வம்புதான். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஜெபிக்கச் சொல்கிறார் யாக்கோபு. அங்கே அவரவர் தன் குற்றத்தைச் சொல்கிறார், அடுத்தவர் குற்றத்தை யாரும் அறிக்கையிடுவதில்லை. நண்பரின் சம்மதம் இல்லாமல் பெயர், நோய், கடன் எதுவும் உங்கள் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது. போதகரிடமும் கூட.

வேறு மதத்து நண்பர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவர் சந்திரசூடேசுவரர் மலைக்கு ஏறி வேண்டிக்கொள்பவராக இருக்கலாம். "நான் உனக்காக ஜெபிக்கலாமா?" என்று ஒருமுறை கேளுங்கள். சரி என்றால் தனியாக, சத்தமில்லாமல் ஜெபியுங்கள். தலையில் கை வைப்பதும், பலித்ததும் "பார்த்தாயா!" என்பதும் நட்பைக் கெடுக்கும்.

படி 6: ஜெபித்த பிறகு எழுந்து போங்கள்

திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வர் கூரையைப் பிரித்தார்கள். அவர்கள் ஜெபித்ததாக மாற்கு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவர்களுடைய விசுவாசத்தை இயேசு கண்டார் என்றுதான் எழுதுகிறார். காய்ச்சலில் கிடப்பவரை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதும், சம்பளம் பிடிக்கப்பட்டவரோடு எச்.ஆர். அறை வரை நடப்பதும் ஜெபத்தின் தொடர்ச்சிதான். வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். தனியே விடாமல் கூடவே இருந்து, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

படி 7: இரண்டு பேராகுங்கள்

பாபிலோன் அரண்மனையில் உயிருக்கே ஆபத்து வந்தபோது தானியேல் தன் தோழர் மூவரிடம் போய் ஜெபிக்கச் சொன்னான். நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. தமிழ்நாட்டு இளைஞர்களின் ஜெபக்கூட்டங்களிலிருந்து எழுந்தது ஃபிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் என்ற மிஷனரி இயக்கம். அதன் தொடக்ககாலப் பணித்தளங்களில் ஒன்று அன்றைய தருமபுரி மாவட்டத்து மலைப்பகுதி. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. நீங்கள் இயக்கம் தொடங்க வேண்டாம். வார ஓய்வு ஒத்துவரும் இன்னொருவர் கிடைத்தால் போதும், மொட்டைமாடி இருக்கவே இருக்கிறது.

படி 8: தேதியோடு எழுதி வையுங்கள்

சின்ன நோட்டில் பெயர், கேட்ட நாள், கேட்ட காரியம் மூன்றையும் எழுதுங்கள். பதில் கிடைத்தால் அதன் தேதியையும் எழுதுங்கள். கிடைக்காதவை நிறைய இருக்கும். கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்கே திரும்பிவிட்ட நண்பரின் பெயரை உடனே அடித்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை போன் செய்து, அந்தக் காரியம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தேவை மாறியிருந்தால் பழைய வரிக்குக் கீழே புதியதை எழுதிக்கொள்ளலாம்.