கொட்டிப் பாடுதல்

ஏற்றம் இறைப்பவன் பாடுவான். நெல் குற்றும் மகளிர் பாடுவர். நாற்று நடுவோரும் பாடுவர். கை ஒரு தொழிலில் ஈடுபட்டிருக்க, வாய் பாட்டிசைத்தல் உழைக்கும் மக்களிடம் தொன்றுதொட்டு வரும் வழக்கம். உலக்கை உரலில் விழும் ஓசையே வள்ளைப்பாட்டுக்குத் தாளம். ஏற்றச்சால் கிணற்றுள் இறங்கி ஏறும் காலமே ஏற்றப்பாட்டின் அடிக்கு அளவு. இத்தனை சால் இறைத்தாயிற்று என்னும் கணக்கையும் அப்பாட்டிலேயே வைத்துப் பாடுவர். இங்கெல்லாம் தொழில் முன்னே செல்கிறது. பாட்டு அதன் பின்னே செல்கிறது. பாடுபவன் ஓர் அடியைச் சற்றே நீட்டிப் பாட விரும்பினாலும் இயலாது. சால் மேலே வந்துவிடும்.

பறையையோ உடுக்கையையோ தன் கையாலேயே முழக்கிக்கொண்டு ஒருவன் பாடுவது இதனின் வேறானது. அவன் கைக்கு வேறு தொழில் இல்லை. தாளத்தை விரைவாக்கலாம், தளர்த்தலாம், நிறுத்தலாம். எல்லாம் அவன் விருப்பம். எனினும் இவ்வுரிமை எளிதில் வருவதன்று. கைக்கு ஒரு கணக்கும் வாய்க்கு ஒரு கணக்கும் உண்டு. பாட்டின் அடி ஓரிடத்தில் முடியும். தாளத்தின் வட்டம் மற்றோரிடத்தில் முடியும். இரண்டையும் ஒருங்கே நடத்த முயலும் புதியவனுக்குக் கை சொல்லைப் பின்பற்றி ஓடும். அன்றேல் நா கையைப் பின்பற்றி ஓடும். பாடத்தை நிறுத்திவிட்டு மேசைமேல் ஒரு சீராகத் தட்டிக்கொண்டே தெரிந்த பாட்டொன்றைப் பாடிப் பார்க்கும் மாணவர் இதனை உடனே உணர்வர்.

அரசவையில் நிகழ்ந்த பண்டைக் கூத்தில் இத்தொல்லை இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழோன் எனப் பலரும் தனித்தனியே கூறப்படுகின்றனர். ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதிகளை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். அவருள் தண்ணுமை முழக்குவோன் யாழையும் குழலையும் மிடற்றிசையையும் கேட்டு, அவை குறையுமிடத்தை நிரப்பியும், மிகுமிடத்தைத் தன் முழக்கால் அடக்கியும் செல்லவேண்டும். அவனுடைய கலை கேட்கும் கலை. பிறர் செய்வதைக் கேட்ட பின்னரே அவன் கை எழும். இக்காலத்து இசையரங்கில் மிருதங்கம் வாசிப்பவர் பாடகரின் முகத்தையே நோக்கியிருத்தலும் இதனாலேயே.

சிற்றூரில் கதை பாடுபவனுக்கு இத்தனை துணைவர் இலர். பின்பாட்டுப் பாட ஒருவன் இருப்பான். தாளம் போட ஒருவன் இருந்தால் அது பேறு. ஆகவே பாடுபவனே கொட்டுபவனும் ஆனான். இஃது ஒரு குறையால் நேர்ந்தது என்று கருதுவோர் உண்டு. அக்கருத்துப் பொருந்தாது. இருவர் என்றால் ஒருவர் மற்றவரைக் கேட்டுப் பின்தொடர வேண்டும். ஒருவனே இரண்டையும் செய்யுங்கால், அடி எங்கே முடியப் போகிறது என்பது நாவிற்குத் தெரியுமுன்னரே கைக்குத் தெரியும். நினைத்த இடத்தில் நிறுத்தவும், நினையாத இடத்தில் நீட்டவும் அவனால் இயலும். எழுதி வைத்த பாட்டைப் பாடுவோனுக்கு இவ்வாற்றல் பெரிதன்று. அவ்வப்போது சொற்களை அமைத்துக்கொண்டே இரவு முழுவதும் கதை நடத்துவோனுக்கு இதுவே உயிர்.

அத்தகைய பாடகரின் கருவி பெரும்பாலும் உடுக்கை. ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ளதாய், இரு முனையும் அகன்று நடுவே ஒடுங்கிய உடல் அதற்கு உண்டு. உடல் மரத்தாலோ பித்தளையாலோ அமையும். இரு வாயிலும் வளையங்களில் மெல்லிய தோலைப் போர்த்து, அவ்விரண்டையும் கயிற்றால் முன்னும் பின்னுமாகக் கோத்து இழுத்திருப்பர். இடது கை இடையைப் பற்றியிருக்கும். வலக்கை விரல்கள் ஒரு முகத்தில் அடிக்கும். இடக்கை கயிற்றை இறுக்கினால் தோல் விறைத்து ஒலி உயரும், தளர்த்தினால் தாழும். பிற பறைகள் அடித்த ஒலியை அடித்தவாறே ஒலிக்க, உடுக்கை மட்டும் விம்மும், ஏங்கும், அதட்டும். மனிதக் குரலுக்கு அணுக்கமான தோற்கருவி வேறொன்று காண்பது அரிது.

பழந்தமிழில் இவ்வகைப் பறைக்குத் துடி என்று பெயர். கூத்தப்பெருமானின் வலக்கை ஒன்றில் இருப்பதும் அதுவே. பாணினியின் இலக்கணத்திற்கு முதலாய் நிற்கும் 14 சூத்திரங்களும் சிவபெருமானின் உடுக்கையொலியிற் பிறந்தன என்பது வடமொழியாளர் மரபு. மகளிர் இடையைத் துடிக்கு உவமித்த புலவர் பற்பலர். அதனை அடித்துப் பாடியவனின் திறத்தை எடுத்தோதிய பிற்காலப் புலவரைத் தேடித்தான் காணவேண்டும்.

இக்கலையைப் பயிலும் முறை கருதத்தக்கது. நம் நாட்டில் தோற்கருவி எதனையும் முதலில் வாயாற் கற்பதே வழக்கம். ‘தகிட’ என்றும் ‘தகதிமி’ என்றும் சொற்கட்டுகளை வாயால் சொல்லிக் கையால் தாளமிட்டுப் பழகிய பின்னரே விரல் தோலைத் தொடும். ஆகவே கொட்டுபவனுக்குக் கைக்கும் வாய்க்கும் உள்ள உறவு முதல் நாளிலேயே ஏற்பட்டுவிடுகிறது. அடுத்த படியில் கை தானே நடக்கும்வரை ஒரே நடையை நெடுநேரம் அடித்துப் பழகுவர். நடப்பவன் தன் காலை எண்ணி எடுத்து வைப்பதில்லை. அதுபோல் அடிப்பவன் தன் விரலை எண்ணாத நிலை வரவேண்டும். அதன்பின்பே பாட்டு.

கைதேர்ந்த பாடகனைக் கூர்ந்து கேட்டால் ஒன்று புலப்படும். சொல் நடக்கும்போது அவன் உடுக்கை சுருங்கி ஒலிக்கும். தாளத்தின் எலும்பு மட்டும் அங்கே இருக்கும். அடி முடிந்தவுடன் விரல்கள் பெருகி விழும். மூச்சு வாங்குவதும், அடுத்த அடியை நினைவிற்குக் கொணர்வதும், கேட்போர் முகத்தை நோக்கி அவர் உறங்குகின்றனரா விழித்திருக்கின்றனரா என்று அறிவதும் அந்த இடைவெளியில்தான். கேட்போர் அதனை முழக்கின் அழகு என்று மகிழ்வர். பாடுவோனுக்கோ அஃது இளைப்பாறும் திண்ணை.

கேரளத்துக் கோயில்களில் இக்கலை வேறொரு கோலம் கொண்டு விளங்குகிறது. அங்கே அதன் பெயரே ‘கொட்டிப்பாடி சேவை’ என்பது. கருவறைக்கு ஏறும் படிகளைச் சோபானம் என்பர். அப்படிகளின் அருகே நின்று பாடப்படுவதால் சோபான இசை என்ற பெயரும் உண்டு. பாடுபவர் இடைக்கை என்னும் கருவியை இடத்தோளில் தொங்கவிட்டு, மெல்லிய கோலொன்றால் ஒரு முகத்தில் அடித்துக்கொண்டே பாடுவார். இடைக்கையும் உடுக்கையின் இனமே, உருவிற் பெரியது, வண்ண நூற்குஞ்சங்கள் பல தொங்குவது. இடக்கையால் அதன் கயிற்றுக் கட்டை அழுத்தியும் நெகிழ்த்தும் சுரங்களையே எழுப்பலாம். தாளக்கருவியே பண்ணையும் பேசும் விந்தை அங்கே காணத்தக்கது. சயதேவரின் கீதகோவிந்தத்து அட்டபதிகள் அங்குப் பெரிதும் பாடப்படும்.

பூசை நடக்கும்போது நடை சாத்தியிருக்கும். உள்ளே நிகழ்வதைப் பாடுபவர் காணார். மூடிய கதவை நோக்கி நின்று, ஓரடியை மீண்டும் மீண்டும் விரித்தும், இடையே இடைக்கையைப் பேசவிட்டும் அவர் காலத்தை நிரப்புகிறார். தனித்து ஒருவர் பாட, தனித்து ஒருவர் கொட்டும் முறையில் இந்த நெகிழ்ச்சி கைகூடுவது அரிது. கோயில் வழிபாட்டோடு நின்றிருந்த இவ்விசையைப் பொதுமக்கள் கேட்கும்படி வெளியே கொணர்ந்து புகழ் பெற்றவர் ஞெரளத்து இராமப் பொதுவாள். 1916 முதல் 1996 வரை வாழ்ந்த அவரையும் அவர் தோளில் தொங்கிய இடைக்கையையும் பிரித்து நினைப்பவர் கேரளத்தில் இலர்.

கேரளத்தில் கருவறை வாயிலில் நிற்கும் இக்கலை, பாலைக்காட்டுக் கணவாயைக் கடந்து கொங்குநாட்டிற்கு வந்தால் ஊர்ப்பொதுவில் நிற்கிறது. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் இருவரின் வரலாற்றைக் கூறும் அண்ணன்மார் கதை அங்கே உடுக்கடித்துப் பாடப்படும். ஓரிரவில் முடியும் கதையன்று. பல இரவுகள் தொடரும். பாட்டு சிறிது, உரைநடைப் பேச்சுச் சிறிது என மாறிமாறி வரும். பாடகன் ஒன்று சொல்லப் பின்பாட்டுக்காரன் ‘ஆமாம்’ போட்டும் திருப்பிப் பாடியும் செல்வான். பேச்சின்போது உடுக்கை ஓய்ந்திருக்கும்; துயரமோ போரோ வருமிடத்தில் அது மீண்டும் எழும். உடுக்கை எழுந்தவுடனே திண்ணையில் சாய்ந்திருந்த முதியவரும் நிமிர்ந்து உட்காருவர்.

இக்கதையின் உச்சம் படுகளம். அண்ணன்மார் களத்தில் மாண்டு விழும் பகுதி அது. சில ஊர்களில் இப்பகுதி பாடப்படும்போது கேட்போருள் சிலர்க்கு அருள் வரும். அவர் நிலைதடுமாறிக் களத்தில் வீழ்ந்து, மாண்டவர் போலவே கிடப்பர். பின்னர்த் தங்கை அருக்காணித் தங்காள் அண்ணன்மாரை எழுப்பும் பகுதி வரும். அதனைப் பாடி நீர் தெளித்து, வீழ்ந்தவரை ஒவ்வொருவராக எழுப்புவர். பாடகனின் பொறுப்பு அவ்விரவில் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எவர் எப்போது விழுவார், எவர் எப்போது எழுவார் என்பது முன்கூட்டி அறியத்தக்கதன்று. ஒருவர் எழாது கிடக்கும்வரை பாட்டு நிற்கலாகாது, உடுக்கையும் தளரலாகாது. வீழ்ந்தவரின் பெற்றோரும் மனைவியரும் சூழ நின்று நோக்குவர். குரல் கம்மினாலும் விரல் நொந்தாலும் வேறொருவரிடம் கருவியைக் கொடுத்துவிட்டு விலக இயலாது. கதை எவன் நாவில் நடக்கிறதோ அவன் கையிலேயே முழக்கும் இருக்கவேண்டும் என்பதன் காரணம் அங்கே நேரில் விளங்கும். அண்ணன்மாருக்கு வீரப்பூரில் மாசித் திங்களில் பெருவிழா நடைபெறுகிறது.

உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்லும்படி இப்பாடகனைக் கேட்டால் என்ன ஆகும்? இக்கேள்வியை வேறொரு நாட்டில் அறிஞர் இருவர் ஆராய்ந்திருக்கின்றனர். மில்மன் பாரி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1933 முதல் 1935 வரை யூகோசுலாவியாவில் கதைப்பாடகரின் பாட்டுகளைத் திரட்டினார். அப்பாடகரின் கருவி பறையன்று. வில்லால் இழைத்து ஒலிக்கும் குசுலே என்னும் நரம்புக்கருவி. எனினும் பாடுவோனே அதனை இசைத்தான் என்பதில் ஒற்றுமை உண்டு. அவர்தம் மாணவர் ஆல்பர்ட் லார்டு 1960இல் வெளியிட்ட நூலில், கருவியின்றிப் பாட்டைச் சொல்லி எழுதுவிக்கும்போது பாடகர் சிலர் அடியின் அளவைத் தவறவிட்டுத் தடுமாறினர் என்று குறித்தார். சொல்லை எண்ணித் தேர்பவன் புலவன். கை நடக்கும் நடையில் சொல்லைக் கண்டெடுப்பவன் இப்பாடகன். கையை நிறுத்தினால் சொல் வரும் வழி அடைபடுகிறது.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. பின்னர்க் கனடாவில் பேராசிரியராக விளங்கிய பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர் 1965இல் கொங்குநாட்டுச் சிற்றூர் ஒன்றில் தங்கி, உடுக்கடித்துப் பாடப்பெற்ற அண்ணன்மார் கதை முழுவதையும் பல இரவுகள் இருந்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். அக்கதை 1992இல் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இரு தொகுதிகளாக அச்சாயிற்று. மாணவர் படிப்பதற்கு அச்சுநூல் இன்றியமையாதது. கதைமாந்தரையும் நிகழ்ச்சிகளையும் அதனால் தெளிவாக அறியலாம். ஆயினும் ஒரே சொல் நான்கு முறை அச்சிடப்பட்டிருக்கும் இடத்தைக் கண்டு, பாடகனுக்குச் சொல் வறட்சி என்று முடிவு கட்டுவது தவறு. அந்நான்கு சொற்களின் இடையிடையே உடுக்கை பேசியிருக்கும். முதல்முறை அச்சொல் செய்தியாக வந்திருக்கும். நான்காம் முறை அழுகையாக வந்திருக்கும்.

வில்லுப்பாட்டிலும் தலைமைப் பாடகர் வீசுகோலால் வில்லை அடித்துக்கொண்டே பாடுகிறார். கலைவாணர் என். எஸ். கிருட்டிணனும், அவருக்குப்பின் நெடுங்காலம் சுப்பு ஆறுமுகமும் அக்கலையை நகரத்து மேடைகளிலும் வானொலியிலும் பரப்பினர். உடுக்கடிப் பாட்டுக்கு அத்தகைய பேறு அவ்வளவாக வாய்க்கவில்லை. ஒலிபெருக்கி வந்தபின் அதற்கு ஒரு புதிய இடையூறும் நேர்ந்தது. வாயருகே வைத்த ஒலிவாங்கி குரலைப் பெருக்கும். இடுப்பளவில் ஒலிக்கும் உடுக்கையைக் கைவிடும். உடுக்கைக்கெனத் தனி ஒலிவாங்கி வைத்தால் பாடகன் ஆடி நடக்க இயலாமல் ஓரிடத்தில் நிற்க நேரும். பழைய பாடகர் சிலர் இதற்குத் தாமே வழி கண்டனர். குரலை உயர்த்த வேண்டிய இடத்தில் உடுக்கையை மேலே தூக்கி, வாய்க்கு நேரே பிடித்து அடித்தனர்.